சரக்கு பாதுகாப்புக்கு எதுல காசு போடுறது: சீலா, ஜிபிஎஸா, சர்டிபிகேட்டா, இன்ஷூரன்ஸா?

சரக்கு பாதுகாப்புக்குன்னு இந்த வருஷம் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கோம், எதுல போடலாம்னு கேட்டா நிறைய பேர் யோசிக்காம சொல்ற பதில் ஜிபிஎஸ். அது கண்ணுக்கு தெரியுற விஷயம், மேப்ல ஒரு புள்ளி நகருது, முதலாளிகிட்ட காட்டுறதுக்கும் வசதி, அதனால அந்த பதில் வர்றதுல ஆச்சரியம் இல்ல. ஆனா என் கணக்குல அது மூணாவதோ நாலாவதோ தான் வரும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ரெண்டு மூணு வேலை இருக்கு, அதுக்கு பெருசா செலவே கிடையாது, செலவு இல்லாததாலயே யாரும் அதை மதிக்கிறதும் இல்ல.

முதல்ல எதுக்காக பயப்படுறோம்னு பிரிச்சுக்கணும். திருட்டுன்னா உள்ள இருக்கிற சாமான் வெளிய போறது. தீவிரவாதம், போதைப்பொருள் கடத்தல் எல்லாம் வெளிய இருக்கிறது உங்க சரக்குக்குள்ள வந்து உக்காந்துக்கிறது. ரெண்டும் நடக்கிறது அதே கன்டெய்னர் கதவு, அதே கோடவுன், அதே டிரைவர் வழியாத்தான். ஆனா நாம நடந்துக்கிற விதம் மட்டும் வேற வேற. பத்து பெட்டி குறைஞ்சா ஆபீஸே அல்லோலகல்லோலப்படும். சீல் உடைஞ்சிருக்கு ஆனா சாமான் எல்லாம் சரியா இருக்குன்னா "அப்பாடா"ன்னு கையெழுத்து போட்டு உள்ள எடுத்துக்குவாங்க. உண்மையில ரெண்டாவதுக்குத்தான் அதிகமா பயப்படணும், கஷ்டப்பட்டு கதவை திறந்தவன் எதுவும் எடுக்காம போயிருக்கான்னா அவன் எதுக்கு திறந்தான்? துறைமுகங்கள்ல கொக்கெய்ன் கடத்துற கும்பல் இதைத்தான் பண்றாங்க, யாரோ ஒருத்தரோட நேர்மையான கன்டெய்னர்ல கதவோரமா பைகளை போட்டு, அதே நம்பர்ல போலி சீல் மாட்டி அனுப்பி, போய் சேர்ற ஊர்ல உரிமையாளர் வர்றதுக்கு முன்னாடி எடுத்துக்கிறாங்க. சரக்குக்காரருக்கு விஷயமே தெரியாது, மாட்டினா அவர்தான் பதில் சொல்லணும்.

இதே வழியில ஆளே வந்த சம்பவமும் இருக்கு. 2004 மார்ச்ல இஸ்ரேல்ல அஷ்டோத் துறைமுகத்துல ரெண்டு தற்கொலைப் படையினர் குண்டு வெடிச்சதுல 10 பேர் செத்தாங்க, அவங்க காஸாவுலேர்ந்து வந்தது ஒரு கன்டெய்னருக்குள்ள போலியா கட்டின சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சு. திறந்து பார்த்தா காலி கன்டெய்னர் மாதிரிதான் இருக்கும், அளந்து பார்த்தாத்தான் நீளம் குறையுறது தெரியும். 20 அடி கன்டெய்னர் உள்பக்கம் சுமாரா 5.9 மீட்டர், 40 அடின்னா 12 மீட்டர். ஒரு டேப்பை வச்சு அளக்கிறதுக்கு எவ்வளவு செலவாகும்? லோடு ஏத்துறதுக்கு முன்னாடி முன்சுவர், ரெண்டு பக்கச் சுவர், தரை, கூரை, கதவு, அடிப்பாகம்னு ஏழு இடம் பார்க்கச் சொல்றாங்க, ஒழுங்கா பார்த்தாலே அதிக நேரம் ஆகாது. ஆனா பாதி இடத்துல அந்த ஃபார்ம்ல வண்டி வர்றதுக்கு முன்னாடியே ஏழு கட்டத்துலயும் டிக் விழுந்திருக்கும்.

சரி, முதல் ஆப்ஷன் சீல். ஐஎஸ்ஓ 17712னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல மூணு வகை. சும்மா தொட்டாங்களா இல்லையான்னு காட்டுற பிளாஸ்டிக் சீல் ஒண்ணு, அதுக்கு மேல ஓரளவு உறுதியானது ஒண்ணு, அதுக்கும் மேல ஹை செக்யூரிட்டி போல்ட் சீல். கடைசி வகையில "எச்"னு எழுத்து பொறிச்சிருக்கும், இழுவைச் சோதனையில 10 கிலோநியூட்டன் தாங்கணும், அதாவது சுமாரா 1000 கிலோ எடையை கட்டி தொங்க விடுற அளவு. வெளிநாட்டுக்கு போற கன்டெய்னருக்கு இதை விட கம்மியானதை மாட்டாதீங்க. விலை வித்தியாசம் மொத்த சரக்கு மதிப்போட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல.

ஆனா சீல்னா பூட்டுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். பெரிய போல்ட் கட்டர் இருந்தா எந்த சீலையும் வெட்டிடலாம். சீலோட வேலை திருட்டை தடுக்கிறது இல்ல, திறந்திருக்காங்கன்னு காட்டிக் கொடுக்கிறது, அதுவும் யாராச்சும் பார்த்தாத்தான். விவரமான திருடன் சீலை தொடவே மாட்டான். கன்டெய்னர் கதவுல கைப்பிடியை பிடிச்சு வச்சிருக்கிற கொக்கிக்கு ரிவெட் இருக்கும், அதை டிரில் போட்டு எடுத்துட்டு, கைப்பிடியை சீலோடவே தூக்கி கதவை திறந்து, வேலை முடிஞ்சதும் புது ரிவெட்டோ நட்டு போல்ட்டோ வச்சு மேல பெயின்ட் அடிச்சிடுவான். சீல் நம்பர் பக்காவா பொருந்தும், உள்ள ஏழு பேலட் (மரத்தட்டு மேல அடுக்கி வச்ச சரக்கு) இருக்காது. அதனால சீலை பார்க்கிறவர் ரிவெட்டையும் பார்க்கணும், பெயின்ட் புதுசா பளபளன்னு இருக்கா, ஒரு பக்க ரிவெட் தலை இன்னொரு பக்கத்து மாதிரியே இருக்கா, கதவு கீல்ல புது வெல்டிங் தெரியுதான்னு. சீலுக்கு நாலு ஸ்டெப் வச்சிருக்காங்க: கண்ணால பாரு, நம்பரை பேப்பரோட ஒத்துப் பாரு, இழுத்துப் பாரு, திருகிப் பாரு. திருகினா கழண்டு வர்ற மாதிரி மரை வெட்டின சீல் கூட பிடிபட்டிருக்கு, அதுக்குத்தான் கடைசி ஸ்டெப்.

சீல் விஷயத்துல இன்னொண்ணு, சீல் பெட்டி எங்க இருக்கு? டெஸ்பாட்ச் மேஜை டிராயர்ல, பூட்டாம, யார் வேணா எடுக்கிற மாதிரி இருந்தா அந்த எச் எழுத்துக்கு அர்த்தமே இல்ல. ஒரு ரிஜிஸ்டர், ஒரு சாவி, ஒரு பொறுப்பான ஆள், மாட்டின உடனே கதவோட சேர்த்து ஒரு போட்டோ, அந்த போட்டோவும் நம்பரும் வாங்குறவருக்கு தனியா போகணும். முக்கியமா சீலை டிரைவர் கையில குடுத்து "போற வழியில மாட்டிக்கோப்பா"ன்னு அனுப்புற பழக்கம், அதை இன்னைக்கே நிறுத்துங்க.

அடுத்தது தான் நான் முதல் இடம் குடுக்கிற ஆப்ஷன், சரக்கை யார் கையில ஒப்படைக்கிறோம்னு சரிபார்க்கிறது. இதை யாரும் "ப்ராடக்ட்"டா விக்கிறது இல்ல, அதனால எந்த சேல்ஸ்மேனும் வந்து சொல்ல மாட்டான்.

2023 ஏப்ரல் 17, கனடாவுல டொராண்டோ பியர்சன் விமான நிலையம். சூரிச்லேர்ந்து விமானத்துல சுமார் 400 கிலோ தங்கம் வந்து இறங்குது, 20 மில்லியன் கனடா டாலருக்கு மேல மதிப்பு, கூட வெளிநாட்டு நோட்டும் இருந்துச்சு. அன்னைக்கு சாயந்திரமே ஒரு ஆள் லாரியோட வந்து ஏர்வே பில்லை, அதாவது விமான சரக்குக்கான பேப்பரை நீட்டுறான், சரக்கை ஏத்திக்கிட்டு போயிடறான். அந்த பில் முந்தின நாள் யாரோ எடுத்துட்டுப் போன மீன் சரக்கோடது, அதோட இன்னொரு பிரதி. துப்பாக்கி இல்ல, சுவர்ல ஓட்டை இல்ல, ஒரு பேப்பர் தான். நிஜமா தங்கத்தை எடுக்க வேண்டிய பாதுகாப்பு வண்டி ராத்திரி வந்து கேட்டப்பத்தான் விஷயமே தெரிஞ்சது. அப்புறம் விசாரணையில அங்க வேலை பார்த்தவங்க மேலயே கேஸ் வந்துச்சு. வேலியே பயிரை மேயுறதுன்னு சும்மாவா சொன்னாங்க.

அந்த கோடவுன்ல கேமரா இல்லையா? இருந்துச்சு, லாரி போறது எல்லாம் பதிவாகியிருக்கு. கேமரா அது பாட்டுக்கு பதிவு பண்ணிச்சு, கவுன்டர்ல இருந்தவர் "இந்த பில் நம்பர் ஏற்கனவே டெலிவரி ஆகியிருக்கா"ன்னு ஒரு தடவை சிஸ்டத்துல தட்டியிருந்தா கதை வேற. செலவு வித்தியாசத்தை நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

பெல்ஜியத்துல ஆண்ட்வெர்ப் துறைமுகத்துல நடந்தது இதோட கம்ப்யூட்டர் வெர்ஷன். 2011லேர்ந்து ரெண்டு வருஷம் போல போதைக் கும்பல் ஹேக்கர்களை வச்சு டெர்மினல் சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்சு, எந்த கன்டெய்னர் எங்க நிக்குது, அதை விடுவிக்கிற பின் நம்பர் என்னன்னு எடுத்து, சொந்தக்காரரோட லாரி வர்றதுக்கு முன்னாடி அவங்க லாரியை அனுப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. கண்டுபிடிச்சு ஃபயர்வால் போட்டதும் ஆபீஸுக்குள்ளயே புகுந்து, பிளக் பாயின்ட் பெட்டிக்குள்ள எல்லாம் கருவி ஒளிச்சு வச்சு, தட்டுற கீயை எல்லாம் பதிவு பண்ணியிருக்காங்க. பின் நம்பரை வாட்ஸ்அப் குரூப்ல போட்டு "யார் போறீங்களோ எடுத்துக்கோங்க"ன்னு சொல்ற ஆபீஸ்களை நினைச்சா எனக்கு இந்த கேஸ் தான் ஞாபகம் வரும், அங்க ஹேக்கரே தேவைப்படாது.

இப்போ வேகமா பரவுற முறை இன்னும் சிம்பிள். ஆன்லைன்ல லோடு தேடுற தளங்கள்ல ஒரு நல்ல பேர் வாங்கின டிரான்ஸ்போர்ட் கம்பெனி பேர்ல, கிட்டத்தட்ட அதே மாதிரி மெயில் ஐடில, ஒரு எழுத்து மட்டும் மாத்தி, லோடு எடுக்கிறான். ரேட் கொஞ்சம் கம்மியா சொல்றான், நீங்களும் சந்தோஷமா குடுக்கறீங்க. சில சமயம் வண்டி ஓட்டிட்டு வர்ற டிரைவருக்கே தான் திருட்டு சரக்கு ஏத்துறோம்னு தெரியாது, அவரை இன்னொரு டிரான்ஸ்போர்ட்ல வாடகைக்கு பேசி வர வச்சிருப்பான், பாதி வழியில "டெலிவரி அட்ரஸ் மாறிடுச்சு"ன்னு ஒரு போன் வரும், அவ்வளவுதான். நீங்களே ஏத்தி, நீங்களே சீல் போட்டு, கேட் பாஸ் குடுத்து வழியனுப்பி வச்ச சரக்கு இது. இதுக்கு எந்த பூட்டும் உதவாது.

இதுக்கு என்ன பண்ணணும்னா, மெயில்ல இருக்கிற நம்பருக்கு போன் பண்ணாம, நீங்க ஏற்கனவே வச்சிருக்கிற நம்பருக்கோ அந்த கம்பெனி அரசாங்கத்துல பதிவு பண்ணின நம்பருக்கோ பண்ணி கேக்கணும். டிரைவர் பேர், லைசென்ஸ், வண்டி நம்பர், டிரெய்லர் நம்பர் எல்லாம் வண்டி வர்றதுக்கு முந்தின நாளே வந்திருக்கணும், வந்து நிக்கிறது அதோட ஒத்துப் போகலேன்னா லோடு ஏறக்கூடாது, டிரைவர் எவ்வளவு கத்தினாலும் சரி. அட்ரஸ் மாத்துறது, பேங்க் அக்கவுன்ட் மாத்துறது எதுவானாலும் ரெண்டு பேர் ஓகே சொல்லாம நடக்கக்கூடாது. சரக்கு என்ன, மதிப்பு என்ன, எந்த ரூட்டுங்கிற தகவல் எத்தனை பேருக்கு போகுதுன்னு ஒரு தடவை உக்காந்து எண்ணிப் பாருங்க, பெட்டி மேல பெருசா பிராண்ட் லோகோ அடிச்சு அனுப்புறதும் அதுல சேத்தி. இதுல ஒரே ஒரு உண்மையான கஷ்டம் உண்டு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு வண்டி நிக்குது, கப்பல்ல ஏத்துறதுக்கான கடைசி நேரம் (கட்-ஆஃப்) நெருங்குது, நம்பர் ஒத்துப் போகல, அப்போ "வேண்டாம்"னு சொல்ற அதிகாரம் கேட்ல நிக்கிற ஆளுக்கு இருக்கா? இல்லேன்னா மேல எழுதின எல்லாமே வெறும் பேப்பர் தான். திருடனுக்கும் அந்த ஆறு மணி நல்லா தெரியும், அதனாலதான் லீவுக்கு முந்தின நாளா பார்த்து வர்றான், திங்கக்கிழமை வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க.

மூணாவது ஜிபிஎஸ். நல்ல சாமான் தான், நான் எதிரி இல்ல. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டுக்கோங்க. ஒண்ணு, ஜாமர். சின்னதா கையடக்கமா இருக்கும், பல நாடுகள்ல உபயோகிச்சாலே குற்றம், ஆனா திருடன் அதுக்கா பயப்படப் போறான். அதை ஆன் பண்ணினா ஜிபிஎஸும் போச்சு, மொபைல் சிக்னலும் போச்சு, மேப்ல புள்ளி அப்படியே நின்னுடும். வண்டி டீ குடிக்க நிக்குதா, திருட்டுப் போயிடுச்சான்னு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால ஜாமிங் நடக்குதுன்னு தானே உணர்ந்து சொல்ற கருவியா, சிக்னல் போனா அதையே அலாரமா எடுத்துக்கிற சிஸ்டமான்னு பாருங்க. ரெண்டு, இரும்புப் பெட்டி. கன்டெய்னருக்கு உள்ள ஆழத்துல வச்சா சிக்னல் சரியா கிடைக்காது, கதவோரமா வெளிய மாட்டினா திருடனுக்கு தெரியும். வண்டில ஒண்ணு தெரியுற மாதிரி, பேலட்ல ஒண்ணு ஒளிச்சுன்னு ரெண்டு வைக்கிறாங்க, டிரெய்லரை விட்டுட்டு சரக்கை மட்டும் மாத்தினாலும் ரெண்டாவது பேசும். வெளிச்சம் பட்டா தகவல் அனுப்புற சென்சார் இருக்கிறது நல்லது, கதவு திறந்த நிமிஷம் தெரிஞ்சிடும், உள்ள எதையாச்சும் வைக்கிறவனையும் அது ஒண்ணுதான் பிடிக்கும்.

மூணாவது தான் எல்லாரும் மறக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வந்தா யார் எடுக்கிறது, எடுத்துட்டு யாருக்கு போன் பண்றது, போலீஸ்கிட்ட சொல்றதுக்கு வண்டி நம்பர், சரக்கு பில், போட்டோ எல்லாம் கையில இருக்கா? காலையில ஒன்பது மணிக்கு ஆபீஸ் வந்து ஸ்கிரீனை பார்க்கிற கம்பெனிக்கு ஜிபிஎஸ்ங்கிறது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. கருவிக்கு ஆகுற செலவை விட அதை 24 மணி நேரமும் பார்க்கிற ஆளுக்கு ஆகுற செலவு அதிகம், விலைப்பட்டியல்ல அது இருக்காது.

எஸ்கார்ட் வண்டி, ஆயுதம் வச்ச காவல் எல்லாம் வழிப்பறி நிஜமாவே நடக்கிற ரூட்டுக்கு மட்டும். மத்தபடி அது "உள்ள விலை உயர்ந்த சரக்கு இருக்கு"ன்னு ஊருக்கே மைக் போட்டு சொல்றதுக்கு சமம். அதை விட உருப்படியானது வண்டி எங்க நிக்கணும்னு முன்கூட்டியே முடிவு பண்றது, ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டில தான் திருட்டு அதிகம். கிளம்பின இடத்துலேர்ந்து பின்தொடர்ந்து வர்றவன் முதல் நிறுத்தத்துல தான் கை வைப்பான், அதனால அமெரிக்காவுல முதல் 200 மைல் நிக்கவே கூடாதுன்னு டிரைவர்களுக்கு சொல்லி அனுப்புறாங்க, டீசலும் சாப்பாடும் முடிச்சுட்டுத்தான் லோடு எடுக்க வரணும். ஐரோப்பாவுல லாரி நிறுத்துற இடங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம்னு தரம் குடுத்திருக்காங்க, அந்த மாதிரி இடத்துக்கு குடுக்கிற பார்க்கிங் காசை டிரைவர் தலையில கட்டாம கம்பெனி குடுத்தா போதும், பாதி பிரச்னை குறையும்.

கோடவுனுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு நகர்றேன். எல்லாரும் கதவுக்கும் ஷட்டருக்கும் செலவு பண்றாங்க, 2010 மார்ச்ல அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம் என்ஃபீல்டுல ஒரு மருந்து கோடவுன்ல திருடனுங்க கூரையை வெட்டி கயித்துல இறங்கி, அலாரத்தை செயலிழக்க வச்சு, அங்க இருந்த ஃபோர்க்லிஃப்ட்லயே பேலட் பேலட்டா லாரில ஏத்திட்டுப் போனாங்க, பல கோடி டாலர் மருந்து. கூரைக்கும் சென்சார் இருக்கா, அலாரத்தோட லைன் துண்டிச்சா அதுவே ஒரு அலாரமா வருதான்னு கேளுங்க, சாயந்திரம் ஃபோர்க்லிஃப்ட் சாவியை எடுத்து பூட்டி வைக்கிறாங்களான்னும் கேளுங்க.

இனிமே சர்டிபிகேட். இங்கதான் குழப்பம் ஜாஸ்தி, ஏன்னா நாலஞ்சு பேர் இருக்கு, ஒவ்வொண்ணும் வேற வேலை பண்ணுது, கன்சல்டன்ட் எல்லாத்தையும் ஒரே பேக்கேஜா போட்டு விப்பாரு. சி-டிபாட் அமெரிக்க கஸ்டம்ஸோட சரக்கு பாதுகாப்புத் திட்டம், செப்டம்பர் 11 தாக்குதல் முடிஞ்ச கையோட 2001 நவம்பர்ல ஆரம்பிச்சது, முக்கியமா தீவிரவாதத்தை மனசுல வச்சு பண்ணது, சேர்றதுக்கு கட்டணம் கிடையாது. ஆனா அமெரிக்க இறக்குமதியாளர், கப்பல் கம்பெனி, புரோக்கர் மாதிரி ஆட்களுக்குத்தான், வெளிநாட்டு தொழிற்சாலைன்னா மெக்ஸிகோ, கனடாவுல இருக்கிறவங்க மட்டும் நேரடியா சேரலாம். மத்த நாட்டு ஃபேக்டரிக்கு வாங்குறவர் ஒரு நீண்ட கேள்வித்தாள் அனுப்பி, ஆடிட் பண்ணி, "எங்க தேவைக்கு நீங்க சரி"ன்னு சொல்வாரு, அவ்வளவுதான், அதனால "உங்களுக்கு சி-டிபாட் மெம்பர்ஷிப் வாங்கித் தர்றேன்"னு யாராச்சும் வந்தா கொஞ்சம் உஷாரா இருங்க. ஏஇஓ (நம்பகமான கம்பெனின்னு கஸ்டம்ஸ் குடுக்கிற அங்கீகாரம்) அப்படி இல்ல, உலக சுங்க அமைப்பு 2005ல போட்ட சேஃப் கட்டமைப்புல வந்தது, அந்தந்த நாட்டு கஸ்டம்ஸ் தன் நாட்டுக் கம்பெனிகளுக்கு குடுக்கிறது. கிடைச்சா பரிசோதனை குறையும், கிளியரன்ஸ் சீக்கிரம் ஆகும், ரெண்டு நாட்டுக்கு நடுவுல பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் இருந்தா அந்தப் பக்கமும் சலுகை கிடைக்கும். இதுல டாபா முழுக்க வேற, 1997ல விலை உயர்ந்த சரக்கு வச்சிருக்கிற கம்பெனிகள் சேர்ந்து ஆரம்பிச்சது, திருட்டைத்தான் பார்க்குது, கோடவுனுக்கு ஏ, பி, சின்னு மூணு லெவல், ஏ தான் கடுமையானது, லாரிக்கு தனி ஸ்டாண்டர்டு. ஐஎஸ்ஓ 28000 ஒரு நிர்வாக முறை, ரிஸ்க் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதி நடத்துறது, சுவர் எவ்வளவு உயரம்னு அது சொல்லாது.

எதை எடுக்கறதுன்னா, காசு திரும்ப வர்ற ஒரே சர்டிபிகேட் பெரும்பாலானவங்களுக்கு ஏஇஓ தான். நீங்க அனுப்புற நாட்டோட உங்க நாட்டுக்கு ஒப்பந்தம் இருக்கா, மாசத்துக்கு எத்தனை கன்டெய்னர் பரிசோதனையில மாட்டி நாள் கணக்கா நிக்குதுன்னு பாருங்க, நிக்கிறதே இல்லேன்னா அவசரப்பட வேண்டாம். போன், மருந்து, சிகரெட் மாதிரி சரக்கா இருந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியோ வாங்குறவரோ கேட்டா டாபா. ஐஎஸ்ஓ 28000 டெண்டர்ல கேட்டாத்தான், அதுக்கு மேல எனக்கு அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. இதுல எதுவும் வாங்கலேன்னாலும் சி-டிபாட் கேள்விகளை எடுத்து வச்சு உங்க இடத்துல ஒரு நாள் நடந்து பாருங்க, பொதுவில கிடைக்கிறதுதான், 2020லேர்ந்து அதுல சைபர் செக்யூரிட்டியும் சேர்த்திருக்காங்க, பாஸ்வேர்டு மானிட்டர்ல ஒட்டியிருக்கா வரைக்கும் யோசிக்க வைக்கும்.

ஸ்கேனிங்கை பத்தி ஒரு மாயை இருக்கு, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டா பிரச்னை தீர்ந்துடும்னு. அமெரிக்கா 2007ல சட்டமே போட்டுச்சு, அவங்க நாட்டுக்கு வர்ற ஒவ்வொரு கன்டெய்னரையும் கிளம்புற துறைமுகத்துலயே ஸ்கேன் பண்ணணும், 2012க்குள்ளன்னு. கெடு தள்ளித் தள்ளிப் போயி இன்னும் நடக்கல, அத்தனை படத்தையும் யார் உக்காந்து பார்க்கிறதுங்கிறதே பெரிய கேள்வி. நடைமுறையில ஓடுறது முன்கூட்டியே தகவல் வாங்கி சந்தேகமானதை மட்டும் பிரிக்கிற முறைதான், கப்பல்ல ஏத்துறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி யார் தயாரிச்சது, யார் வாங்குறது, என்ன சரக்குன்னு விவரம் போகணும். அந்த விவரத்தை ஏனோதானோன்னு நிரப்புறவங்க தான் "எங்க கன்டெய்னரை மட்டும் ஏன் பிடிக்கிறாங்க"ன்னு அப்புறம் புலம்புறது.

ஸ்கேனோட எல்லை என்னன்னு 2010 அக்டோபர்ல தெரிஞ்சது. ஏமன்லேர்ந்து அமெரிக்காவுக்கு அனுப்பின ரெண்டு பிரிண்டர், டோனர் டப்பாவுக்குள்ள பிஇடிஎன் வெடிமருந்து. ஒண்ணு துபாய்ல, இன்னொண்ணு இங்கிலாந்துல ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் விமான நிலையத்துல பிடிபட்டுச்சு. அந்த ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் பெட்டியை முதல் தடவை சோதிச்சப்ப ஒண்ணும் இல்லேன்னு முடிவு பண்ணிட்டாங்க, அப்புறம் திரும்ப பிரிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. பிடிபட்டதுக்கு காரணம் சவுதி உளவுத்துறை குடுத்த தகவல், பார்சல் டிராக்கிங் நம்பர் வரைக்கும் சொல்லியிருக்காங்க. 2024 ஜூலையில ஜெர்மனியில லைப்சிக், இங்கிலாந்துல பர்மிங்ஹாம்னு ரெண்டு கூரியர் மையத்துல பார்சல் தானா தீப்பிடிச்சதும் இதே ரகம், அதுவும் நல்ல வேளை தரையில இருந்தப்ப.

ஏர் கார்கோ அனுப்புறவங்களுக்கு இங்க ஒரு நிஜமான தேர்வு இருக்கு. 2021 ஜூன் 30லேர்ந்து சர்வதேச விதிப்படி சரக்கு விமானத்துல போறதும் சேர்த்து எல்லாமே ஒண்ணு ஸ்கிரீனிங் ஆகணும், இல்ல அங்கீகாரம் வாங்கின அனுப்புநர்கிட்டேர்ந்து வரணும். நீங்களே அந்த அங்கீகாரம் வாங்கலாம், இல்ல ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட்கிட்ட ஸ்கிரீனிங்குக்கு விட்டுடலாம். எப்பயாச்சும் அனுப்புறவங்க ஏஜென்ட்கிட்டயே விட்டுடுங்க. வாரா வாரம் அனுப்புறவங்க, அதுலயும் எக்ஸ்ரேல சரியா ஊடுருவாத கெட்டியான இயந்திர பாகமோ, திறந்தா கெட்டுப் போற சரக்கோ வச்சிருக்கிறவங்க அங்கீகாரம் வாங்குறது நல்லது. ஆனா அப்போ பேக்கிங் பண்ற இடத்துக்கு யார் வர்றா போறாங்கறதுலேர்ந்து வேலைக்கு ஆள் எடுக்கிறப்ப பின்னணி விசாரிக்கிறது வரைக்கும் உங்க பொறுப்பு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாராவாரம் மாறுற இடத்துல இது முடியுமான்னு நேர்மையா யோசிச்சுட்டு இறங்குங்க.

கடைசியா இன்ஷூரன்ஸ். "அதான் கப்பல் கம்பெனி பொறுப்பாச்சே, லாரிக்காரர் பொறுப்பாச்சே"ன்னு நினைச்சு விடுறவங்க அந்த பொறுப்புக்கு உச்சவரம்பு இருக்கிறதை பார்க்கணும். ஹேக்-விஸ்பி விதிப்படி கப்பல்ல ஒரு பேக்கேஜுக்கு 666.67 எஸ்டிஆர் இல்ல கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. ஐரோப்பிய ரோடு போக்குவரத்துல கிலோவுக்கு 8.33. விமானத்துல மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் கடைசிலேர்ந்து கிலோவுக்கு 26. எஸ்டிஆர்ங்கிறது ஐஎம்எஃப் கணக்கு அலகு, ஒண்ணு ஒரு டாலருக்கு மேல வரும். எடை கம்மியா விலை அதிகமா இருக்கிற சரக்குக்கு இதெல்லாம் யானைப் பசிக்கு சோளப்பொரி. அதனால சொந்தமா கார்கோ பாலிசி எடுத்தே ஆகணும், இதுல ஆப்ஷனே கிடையாது.

ஆனா "ஆல் ரிஸ்க்"னு வாயால சொல்லி விக்கிற இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ்ங்கிற பாலிசி நிபந்தனைகள்ல "ஏ" வகையில கூட போரும் தீவிரவாதமும் கிடையாது, போரை ஆறாவது பிரிவுலயும் தீவிரவாதத்தை ஏழாவது பிரிவுலயும் விலக்கி வச்சிருக்காங்க. தீவிரவாதத்துக்கு ஸ்டிரைக்ஸ் கிளாஸ்னு தனியா சேர்க்கணும், பேர்ல ஸ்டிரைக்னு இருக்கிறதால நிறைய பேர் இது தொழிலாளர் போராட்டத்துக்குன்னு நினைச்சு வேண்டாம்னுடறாங்க, தீவிரவாதம் அதுக்குள்ளதான் இருக்கு. சேர்த்த பிறகும் தீவிரவாத கவர் சாதாரண போக்குவரத்துல இருக்கிற வரைக்கும்தான் செல்லும், வழியில நீங்களா முடிவு பண்ணி கோடவுன்ல இறக்கி வச்சா அங்கேயே முடிஞ்சு போகும். "பி", "சி" கிளாஸ்ல சாதாரணத் திருட்டே கிடையாது, பிரீமியம் கம்மின்னு எடுத்துட்டு அப்புறம் தலையில கை வைக்காதீங்க. போலி டிரான்ஸ்போர்ட்டருக்கு நீங்களே மனசார ஏத்தி அனுப்பின கேஸுக்கு கவர் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, இதுல தகராறு பண்ற பாலிசி நிறைய, டிரான்ஸ்போர்ட்டரை சரிபார்த்ததுக்கு ரெக்கார்டு காட்டுன்னு கேப்பாங்க.

இப்போ யாருக்கு எது. மாசத்துக்கு ரெண்டு மூணு கன்டெய்னர் அனுப்புற சின்ன கம்பெனின்னா ஒப்படைப்பு சரிபார்ப்பு, எச் சீல், டேப் வச்சு அளக்கிறது, ஸ்டிரைக்ஸ் கிளாஸோட "ஏ" பாலிசி, இதோட நிறுத்திக்கலாம், ஜிபிஎஸ் காரர் வந்தா நம்பரை வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிடுங்க. எலக்ட்ரானிக்ஸ், மருந்து, செம்பு மாதிரி எடுத்த அன்னைக்கே வித்துடக்கூடிய சரக்குன்னா மேல சொன்னதோட ஒளிச்சு வைக்கிற டிராக்கர், அதை ராத்திரி பார்க்கிற ஆள், நிறுத்துற இடத்துக்கு திட்டம், டாபா தர கோடவுன், இந்த வரிசையில. சரக்கு மலிவு ஆனா அளவு ஜாஸ்தி, துணி, டைல்ஸ், பழம் மாதிரின்னா திருடன் பெருசா கண்டுக்க மாட்டான், உங்க ஆபத்து உள்ள எதையாச்சும் வைக்கிறவன்கிட்ட தான். நம்ம சாமானை யாரு எடுக்கப் போறாங்கன்னு அசால்ட்டா இருக்கிறதே இந்த குரூப் தான், அதிலயும் பழ கன்டெய்னர்தான் போதைக் கும்பலுக்கு ரொம்ப பிடிச்சது, சீக்கிரம் கெட்டுடும்னு எல்லா இடத்துலயும் வேகமா விட்டுடுவாங்க. இவங்க டிராக்கர் காசை கதவு சென்சார், காலி கன்டெய்னர் சோதனை, ஏஇஓ பக்கம் திருப்பணும்.

எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு, வாங்குறவர் பக்கத்துல கன்டெய்னரை திறக்கிற ஆளுக்கு சீல் நம்பர் தப்பா இருந்தா என்ன பண்ணணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்களா? திறக்காம, அங்கேயே நிறுத்தி, போட்டோ எடுத்து, ரெண்டு பக்கமும் போன் பண்ணி, கஸ்டம்ஸுக்கு சொல்லணும், வெட்டின சீலை தூக்கிப் போடாம எடுத்து வைக்கணும். அரைப் பக்கத்துக்கு மேல வராது, அந்த ஊர்ல அந்த வேலை பார்க்கிறவர் பேசுற மொழியில எழுதி அனுப்புங்க.